மேல் தட்டுக்கு ஏறாத கார்

எங்கள் ஆழ்வார்பேட்டைக் குடியிருப்பில் இடம் குறைவு, கார்கள் அதிகம். அதனால் கட்டடம் கட்டியவர் காருக்கும் மாடி வைத்துவிட்டார். இரண்டு தூண்களுக்கு நடுவே ஓர் இரும்புத் தட்டு. பொத்தானை அழுத்தினால் அது காரைத் தூக்கிக்கொண்டு மேலே போகும். அதற்கு அடியில் இன்னொரு காரை விடலாம். மேலே இருக்கிற காரை இறக்க வேண்டுமானால் கீழே இருக்கிற கார் நகர வேண்டும். இப்படி ஒன்பது வருஷமாக என் காரும் எதிர் வீட்டு டாக்டர் மாமாவின் காரும் ஒரே தூண்களுக்கு நடுவே குடித்தனம் நடத்திவந்தன. அவருடையது மேலே, என்னுடையது கீழே.

அவர் காது மூக்கு தொண்டை டாக்டர். வயது அறுபத்தேழு. கிளினிக்கில் மெதுவாகப் பேசுவார், வீட்டில் மெதுவாக நடப்பார். காரில் மட்டும் வேறு ஆள். ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு எனக்குப் போன் வரும். "கொஞ்சம் வண்டியை எடுக்கறியாம்மா? பாலவாக்கம் வரைக்கும் போய்ட்டு வந்துடறேன்." நான் தூக்கக் கலக்கத்தில் இறங்கி வந்து என் காரைத் தெருவில் விடுவேன். அவருடைய பழைய பெட்ரோல் கார் உறுமிக்கொண்டு புறப்படும். அந்த உறுமல் தெருக்கோடியில் திரும்பும் வரை நானும் நின்று கேட்பேன். அதை யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை.

ஒப்புக்கொள்ளாததற்குக் காரணம் என் வேலை. ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு சின்ன வடிவமைப்பு அலுவலகத்தில் இருக்கிறேன். காரை அழகாக வரைகிறவர்கள் வேறு. நான் எடை பார்க்கிறவள். இன்னும் சில வருஷம் கழித்து வெளிவரப்போகிற வேகக் கார்களின் படங்கள் வெளிநாட்டிலிருந்து வரும். ஒவ்வொரு பாகமும் எத்தனை கிராம், எங்கே சுரண்டலாம் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஒரு தடவை இருக்கைக்கு அடியில் வரும் ஒரு தாங்கியில் நாற்பது கிராம் குறைக்க மூன்று வாரம் மல்லுக்கட்டினேன். குறைத்த அன்று அலுவலகத்தில் எல்லோருக்கும் பால்கோவா வாங்கிக் கொடுத்தேன்.

நான் கிராமாகக் குறைப்பேன், கார் கிலோவாக ஏறும். இப்போது வேகக் கார் என்றாலே பெட்ரோல் எஞ்சினோடு மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்துதான் வருகிறது. பேட்டரி கனம். அந்தக் கனத்தை நிறுத்தப் பெரிய பிரேக் வேண்டும். பெரிய பிரேக் உள்ளே அடங்கப் பெரிய சக்கரம் வேண்டும். இத்தனையையும் தாங்க உடம்பு உறுதியாக இருக்க வேண்டும், உறுதிக்கு இன்னும் கொஞ்சம் உலோகம். பிறகு இந்த மொத்தத்தையும் விரட்ட இன்னும் பலமான மோட்டார். அதற்கு இன்னும் பெரிய பேட்டரி. இந்த வட்டத்துக்குள் தினமும் காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்து, கனமான கார் என்று யாராவது புகழ்ந்தால் எனக்கு எரிச்சலாக வரும்.

அந்த நிலையில்தான் ஒரு நாள் மாடிப்படியில் டாக்டர் மாமா என்னை மறித்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"பழசைக் குடுத்துட்டுப் புதுசு ஒண்ணு புக் பண்ணிட்டேன்மா. ஹைப்ரிட். பெட்ரோலும் உண்டு, கரண்டும் உண்டு."

"எடை எவ்வளவு மாமா?"

"காரை என்ன இடுப்புலயா தூக்கி வெச்சுக்கப்போறேன்? அதெல்லாமா கேப்பா!"

அவர் கையில் வைத்திருந்த விளம்பரப் புத்தகத்தைப் பிடுங்கி, கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்ததைப் பார்த்தேன். இரண்டாயிரத்து நானூறு கிலோவுக்கும் மேல். பழைய காரைவிட அறுநூறு கிலோ அதிகம். சொன்னேன். "ஆனா பழசைவிட இது வேகம் ஜாஸ்தி, தெரியுமோ?" என்றார். எனக்குத் தெரியும். அதுதான் என் வயிற்றெரிச்சல்.

அவ்வளவு பேசினோமே தவிர, கீழே இருக்கிற இரும்புத் தட்டு எத்தனை கிலோ தாங்கும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. தூணில் ஒரு தகட்டில் பொறித்தே வைத்திருக்கிறார்கள். ஒன்பது வருஷமாக அந்தத் தகட்டுக்குப் பக்கத்தில் நின்றுதான் நான் கார் கதவைப் பூட்டுகிறேன். ஊர் உலகத்துக் கார்களையெல்லாம் கிராம் கணக்கில் அளக்கிறவள் அதை ஒரு தடவையும் படித்ததில்லை.

கார் வந்த அன்று அரை நாள் விடுப்புப் போட்டு, என் காரைத் தெருவில் விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க நின்றேன். டாக்டரின் மனைவி, எங்களுக்கெல்லாம் மாமி, நல்ல நேரம் பார்த்திருந்தார். காட்சிக்கூடத்திலிருந்து நேரே மயிலாப்பூர். கோயில் வாசலில் பூஜை. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். போன இடத்தில் மாமி மாட வீதியில் கொஞ்சம் கடைகண்ணியும் முடித்துக்கொண்டார். பெண்ணின் சீமந்தம் அடுத்த வாரம். பதினொரு மணிக்குக் கார் எங்கள் வளாகத்துக்குள் நுழைந்தது. சத்தமே இல்லை. மாலை போட்ட ஒரு பெரிய கறுப்புப் பாறை தானாக நகர்ந்து வருவது போல வந்தது. மாமி வாசலிலேயே இறங்கி, நான் கரைத்து வைத்திருந்த ஆரத்தியைச் சுற்ற, டாக்டர் பட்டு வேஷ்டியும் அங்கவஸ்திரமுமாக காரைத் தட்டின் மேல் ஏற்றி நிறுத்தினார். நிறுத்தியபின் கதவைத் திறந்தார். ஒரு சாண் திறந்து நின்றுவிட்டது.

புதுக் கார் பழையதைவிட அகலம். தூணின் அடியில் இரண்டடி உயரத்துக்கு ஒரு சிமெண்ட் திட்டு உண்டு. கதவு அதில் இடித்தது. இடப்பக்கம் சுவர்.

"ஒண்ணு பண்ணும்மா. தட்டைக் கொஞ்சம் மேல தூக்கு. திட்டைத் தாண்டினா கதவு தொறந்துடும், நான் இறங்கிடறேன்."

உள்ளே ஆள் இருக்கும்போது தூக்கக் கூடாது என்பது விதி. அதையும் அந்தத் தகட்டிலேயே எழுதியிருக்கிறார்கள். இரண்டடிதானே என்று பொத்தானை அழுத்தினேன். அழுத்தியவள் நான்தான், வேறு யார் மேலும் பழி போட முடியாது.

தட்டு முனகிக்கொண்டு எழுந்தது. ஓர் அடி போயிருக்கும். 'டக்' என்று ஒரு சத்தம். அதற்கு மேல் போகவில்லை. மறுபடி அழுத்தினேன். மோட்டார் வீறிட்டது, தட்டு அசையவில்லை. இறங்கு பொத்தானை அழுத்தினேன். இறங்கவும் இல்லை. கதவு அதே ஒரு சாண்.

மாமி கையிலிருந்த ஆரத்தித் தட்டோடு ஓடி வந்தார். "ஏன்னா, இறங்குங்கோன்னா."

"எப்படிடி இறங்கறது? நான் என்ன தபாலா, சந்து வழியா வரதுக்கு?"

தட்டுகளைப் பராமரிக்கிற பாய்க்குப் போன் செய்தேன். ராயப்பேட்டையில் வீடு. அப்பா காலத்திலிருந்து லிஃப்ட், பம்ப், பட்டறை வேலை. இருபது நிமிடத்தில் பைக்கில் வந்துவிட்டார். காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பிறகு கைக்குட்டையால் தகட்டைத் துடைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"மேடம், இங்க இன்னா எழுதிக்கீது?"

"ரெண்டாயிரம் கிலோ."

"வண்டி எத்தினி?"

சொன்னேன். பாய் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "மெஷினு நல்லவன் மேடம். முடியாதுன்னு அப்பவே சொல்லிட்டான். நாமதான் கேக்கல."

விஷயம் இதுதான். தட்டு தப்பித்தவறி விழுந்துவிடாமல் இருக்க அடிக்கு ஒரு கொக்கி வைத்திருக்கிறார்கள். ஏறும்போது தட்டு அதில் உட்கார்ந்துகொள்ளும். இறங்க வேண்டுமானால் முதலில் ஒரு விரல்கடை மேலே எழும்ப வேண்டும், அப்போதுதான் கொக்கி விலகும். இந்தக் கனத்தை அந்த ஒரு விரல்கடை தூக்க மெஷினுக்குத் தெம்பு இல்லை. அடியில் பெரிய ஜாக்கி வைத்து நெம்பினால் சரியாகிவிடும்.

"ஜாக்கியை எங்க அண்ணன் அடையாறுக்கு எடுத்துக்கினு போய்க்கிறாரு. அந்த வேல முடிச்சி வர ரெண்டு மணி நேரம் ஆவும். அதுக்குள்ள வண்டிய கொஞ்சம் லேசு பண்ணிப் பாக்கலாமா? நூறு கிலோ கொறஞ்சா கூட ஏறிக்கும்னு தோணுது."

லேசு பண்ணுவது! இருபது வருஷமாக நான் வயிறு வளர்ப்பதே அதைச் செய்துதான். கூச்சத்தோடு சொல்கிறேன், அந்த நிமிடத்தில் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. மாமி மேலே போய்க் குளியலறை எடை மெஷினைக் கொண்டுவந்தார். நான் கைப்பையிலிருந்து நோட்டை எடுத்தேன். பாய் காரின் பின்பக்க மூடியைத் திறந்தார்.

உள்ளே மாமியின் கடைகண்ணி. இருபது தேங்காய். ஒரு பித்தளை அண்டா. இரண்டு குத்துவிளக்கு. வெல்லம் ஒரு மூட்டை.

"இதெல்லாம் இப்ப எதுக்கு மாமி?"

"வண்டி பெரிசா இருக்கேன்னு வாங்கிண்டேன்."

பாய் ஒவ்வொன்றாக இறக்கினார், நான் நிறுத்து எழுதினேன். அடுத்து, காட்சிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்த கார் உறை, சார்ஜ் போடும் பெட்டி, தடித்த ஒயர். தரை விரிப்புகளை டாக்டர் உள்ளேயிருந்தே சுருட்டி ஜன்னல் வழியாக நீட்டினார். ஜன்னல் வழியாக வந்த காற்று ஜில்லென்று இருந்தது.

"ஏசியா போட்டிருக்கேள்?" என்றார் மாமி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

"எஞ்சின் ஓடலை, பாத்தியா? பேட்டரிலயே ஓடறது! பாட்டும் போட்டுண்டிருக்கேன்."

எந்தப் பேட்டரியால் இத்தனை பாடோ, அதன் தயவில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார். வெளியே நாங்கள் மூன்று பேரும் தேங்காய் நிறுத்துக்கொண்டிருந்தோம்.

பின்பக்கத் தரைப்பலகையைத் தூக்கிப் பார்த்தேன். ஸ்டெப்னி டயர் இல்லை. அந்தக் குழியில் ஒரு சின்னப் பஞ்சர் டப்பா மட்டும். குழியின் விளிம்பில் வரிசையாக ஓட்டைகள் போட்டு உலோகத்தைக் குறைத்திருந்தார்கள். எங்கேயோ ஓர் ஊரில் என்னைப் போல ஒருத்தி உட்கார்ந்து, இந்த ஓட்டைகளுக்காக யாரோடோ சண்டை போட்டு ஜெயித்திருக்கிறாள். அவளுக்கும் அன்று யாராவது இனிப்பு வாங்கிக் கொடுத்திருப்பார்களா என்று நினைத்துக்கொண்டேன்.

கூட்டிப் பார்த்தால் மொத்தம் அறுபத்திரண்டு கிலோ. பொத்தானை அழுத்தினேன். மோட்டார் வீறிட்டது. ஒன்றும் ஆகவில்லை.

"பெட்ரோலை எறக்கிடலாமா?" என்றேன்.

"ஃபுல் டேங்க்! தொடப்படாது!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அப்ப அந்த முன் சீட்டைக் கழட்டலாம். நாலு போல்ட்டுதான். எனக்குத் தெரியும்."

"சீட்டையா? இன்னிக்குத்தான்மா உக்காந்திருக்கேன் அதுல!"

நான் நோட்டில் மேலும் கீழும் தேடிக்கொண்டிருந்தேன். முன் மூடி, பின் இருக்கை, பக்கவாட்டுக் கண்ணாடி என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். பாய் என் தோளுக்குப் பின்னால் நின்று பட்டியலை நிதானமாகப் படித்தார். பிறகு மரியாதையாகத் தொண்டையைக் கனைத்தார்.

"மேடம். தப்பா எடுத்துக்காதீங்க. டாக்டர் சார் எத்தினி கிலோ?"

நான் அவரைப் பார்த்தேன், காரைப் பார்த்தேன். எங்கள் அலுவலகப் பட்டியலில் ஓட்டுநர் என்பது எப்போதும் தனி வரி. அதை யாரும் குறைக்கச் சொல்வதில்லை. அதனால் அவர் ஓர் எடை என்றே என் கண்ணில் படவில்லை.

"எழுபத்தெட்டு," என்றார் டாக்டர், ஜன்னல் வழியாக.

"எண்பத்தாறு," என்றார் மாமி. "போன வாரம் நான்தான் குனிஞ்சு பாத்துச் சொன்னேன்."

"அது சாப்ட்ட உடனே பாத்ததுடி."

பின்கதவும் அந்தத் திட்டில்தான் இடித்தது, இவரை இறக்க ஒரே வழிதான் இருந்தது. பின் இருக்கையின் முதுகு மடங்கும். அதன் வழியாகப் பின்பக்கப் பெட்டிக்குள் நுழைந்து வெளியே வரலாம். நாற்பது வருஷமாக ஊர்க்காரர்களின் காதுக்குள் எட்டிப் பார்த்த மனுஷர், பட்டு வேஷ்டியோடு ஒரு குகைக்குள் ஊர்ந்தார். முதலில் காலை நீட்டினார், வேஷ்டி எதிலோ மாட்டிக்கொண்டது. பாய் மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். "தலையை முன்னாடி விடுங்கோ," என்று மாமி உத்தரவு போட்டார். உள்ளேயே திரும்பி, கொஞ்ச நேரம் காணாமல் போய், கடைசியில் தலையும் அங்கவஸ்திரமுமாக வெளிப்பட்டார். பாய் இரண்டு கைகளாலும் தாங்கிப் பிடித்து இறக்கினார். தரையில் நின்றதும் முதல் வேலையாக, "சீட்டுல கீறல் ஒண்ணும் விழலியே?" என்று எட்டிப் பார்த்தார்.

பொத்தானை அழுத்தினேன். மோட்டார் வீறிட்டது, பிறகு முனகியது. தட்டு ஒரு விரல்கடை எழும்பியது. பாய் சட்டென்று கொக்கியை விலக்கினார். புஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டு கார் தரைக்கு வந்தது. மாமி அதற்கு மறுபடியும் ஆரத்தி எடுத்தார்.

"ஒரே பார்ட்ல எண்பத்தாறு கிலோ கொறச்சிட்டோம் மேடம்," என்றார் பாய். நான் அங்கேயே படியில் உட்கார்ந்து சிரித்தேன். நாற்பது கிராமுக்கு மூன்று வாரம் எடுத்துக்கொண்டவள்.

அவரே வழியும் சொன்னார். "சிம்பிள் மேடம். சார் வண்டி தரையில நிக்கட்டும். தரைக்கு ஏது லிமிட்டு? உங்க சின்ன வண்டி மேல போவட்டும். அந்தத் திட்டை நான் ஒடச்சி சமம் பண்ணித் தரேன்." குடியிருப்புச் சங்கத்தில் யாரும் மறுக்கவில்லை. மறு வாரமே இடம் மாறினோம்.

அன்றிலிருந்து எங்கள் உறவு தலைகீழாகிவிட்டது. இப்போது நான் வெளியே போக வேண்டுமானால் அவர் கார் நகர வேண்டும். தினமும் காலை ஏழரைக்கு நான் போன் செய்கிறேன். அவர் அதற்காகவே காத்திருப்பது போல முதல் மணியிலேயே எடுக்கிறார். வழிவிடத் தெருவில் பத்தடி தள்ளி நிறுத்தினால் போதும். ஆனால் அவர் லஸ் வரை போய் ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் வருவார். "உனக்காகத்தானே எடுத்தேன்," என்பார். மாமி இதை நம்பவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் மாமியையும் பாலவாக்கம் அழைத்துப் போனார். கடற்கரையில் இளநீர் குடித்துவிட்டுத் திரும்பும்போது சாவியை என் கையில் கொடுத்தார். "திட்டிண்டே இருக்கியே, ஓட்டிப் பாத்துட்டுத் திட்டு."

சாலை காலியாக இருந்த ஓர் இடத்தில் மிதித்தேன். யாரோ முதுகில் உள்ளங்கையை வைத்துத் தள்ளியது போல இருந்தது. என் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்புதான், ஆனால் அதை நான் திட்டமிடவில்லை. இத்தனை வருஷம் காகிதத்தில் திட்டிய கனம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. பிரேக்கை மிதித்ததும் தெரிந்தது. அது எங்கும் போகவில்லை. பின்னால் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, நிறுத்தும்போது எழுந்து முன்னால் வந்து கண்ணாடியில் சாய்ந்துகொண்டது.

"என்ன?" என்றார் டாக்டர்.

"நல்லாதான் இருக்கு மாமா," என்றேன்.

திருவான்மியூர் சிக்னலில் பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் காரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எட்டிக் கேட்டார். "மேடம், இன்னா மைலேஜ் குட்க்குது?"

டாக்டர் என்னைத் தாண்டிக் குனிந்து பதில் சொன்னார். "ராத்திரி சார்ஜ் போட்டா அபாரமா குடுக்கும்ப்பா. ஊருக்குள்ள பெட்ரோலே வேண்டாம்."

"போடறீங்களா சார்?"

"அதெங்க! எங்க பில்டிங்ல கீழ பிளக்கே இல்லையே."

ஆட்டோக்காரர் காரின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தார். "அப்போ அந்த பேட்டரிய சும்மா தூக்கினு சுத்துறீங்களா?" என்றார். சிக்னல் விழுந்தது. அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். பின் இருக்கையில் மாமி சிரிப்பை அடக்க முடியாமல் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஒரு கிராமுக்காக அடித்துக்கொள்கிற கூட்டத்தைச் சேர்ந்தவள் நான். அத்தனை பெரிய பேட்டரியை வெளியிலிருந்து ஒரு தடவைகூட சார்ஜ் போடாமல், பெட்ரோலை எரித்துச் சுமந்துகொண்டு ஆழ்வார்பேட்டைக்கும் பாலவாக்கத்துக்கும் நடந்த ஊர்வலத்தை என்னால் தாங்க முடியவில்லை. அன்று மாலையே சங்கத்துக்கு மனு எழுதினேன், நானே வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினேன். பாய் தெரிந்த எலெக்ட்ரீஷியனை அழைத்து வந்தார். டாக்டர் வீட்டு மீட்டரிலிருந்து ஒயர் இழுத்து, தூணுக்குப் பக்கத்தில் பிளக் வைத்தோம்.

மறுநாள் காலை நான் போன் செய்வதற்கு முன்பே அவர் கீழே நின்றிருந்தார். கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். திரையில் பேட்டரியின் அளவு.

"நூறு," என்றார், பரீட்சை மார்க் சொல்வது போல. சத்தமில்லாமல் காரை எடுத்துக்கொண்டு போனார். நான் என் காரை இறக்கி, அலுவலகப் பையைப் பின்னால் போட்டு, கண்ணாடியைத் துடைத்து, கிளம்பாமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கால் மணி நேரம் கழித்துத்தான் வந்தார். அன்று லஸ் அல்ல, தி. நகர் வரை போயிருக்கிறார்.